செய்தியின் சாய்வு வினைச்சொல்லில் இருக்கிறது

கேள்வி இது: "வேலூரில் வீட்டுக்கு இரண்டு பேப்பர் வாங்குகிறோம், ராத்திரி நாலு சேனல் பார்க்கிறோம். ஒரே சம்பவம் நாலு விதமாக வருகிறது. எது சாய்வு, எது பிரச்சாரம் என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது? தப்பாகப் போட்டால் யாரிடம் புகார் செய்வது?"

பச்சைப் பொய்யைத் தேடிப் போனால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள். ஊரறிந்த பேப்பர், நடக்காததை நடந்ததாக எழுதுவது அபூர்வம். எழுதினால் மறுநாள் மறுப்பு வரும், அதற்கு மறுநாள் வக்கீல் நோட்டீஸ் வரும். எழுதியதெல்லாம் உண்மையாகவே இருக்கும். யார் வாயால் கேட்டு எழுதினார்கள் என்பதில்தான் கோணல் இருக்கும். ஆகவே கையில் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் "சொன்னது யார்?" என்று குறித்துக்கொண்டே படியுங்கள்.

மாவட்டப் பக்கத்தில் வாரம் தவறாமல் வரும் ரகத்தில் ஒரு மாதிரி பார்க்கலாம். "ரகசிய தகவலின்பேரில் போலீசார் பாலாற்றங்கரையில் ரோந்து சென்றனர். மாட்டு வண்டியில் மணல் அள்ளி வந்த 3 பேரை மடக்கிப் பிடித்தனர். விசாரணையில் அவர்கள் முன்னுக்குப் பின் முரணாகப் பதில் அளித்தனர். அவர்கள் தொடர்ந்து மணல் கடத்தலில் ஈடுபட்டு வந்தது தெரிய வந்தது." நாலு வாக்கியம், நாலையும் சொன்னது போலீஸ். கடைசி வாக்கியத்தை மட்டும் உற்றுப் பாருங்கள். "தெரிய வந்தது" என்றால் யாருக்கு? அந்த வினைச்சொல்லுக்குச் சொந்தக்காரரே இல்லை. அதை அடித்துவிட்டு "என்று போலீசார் சொல்கிறார்கள்" என்று எழுதிப் பாருங்கள், செய்தியின் எடை பாதியாகிவிடும். வண்டிக்காரரின் பெயர், அப்பா பெயர், வயது, தெரு எல்லாம் அச்சில் இருக்கும். மணலை வாங்கியது யார், எந்தக் கட்டடத்துக்குப் போனது என்பது இருக்காது. கைதானவர்களின் வீட்டாரிடமோ வக்கீலிடமோ ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

"பரபரப்பு வாக்குமூலம்" என்ற தலைப்பும் இதே குடும்பம்தான். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்துக்குச் சான்றாகக் கோர்ட்டில் வைக்க முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 25ஆம் பிரிவு அதைச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 23ஆம் பிரிவு சொல்கிறது. நீதிபதி கையில் வாங்க மறுப்பதைப் பேப்பர் எட்டுக்காலத்தில் போடுகிறது. "தப்பி ஓட முயன்றபோது தவறி விழுந்து கை முறிந்தது" என்று மாவுக்கட்டுப் படத்தோடு வருவதைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. படிக்கிறவருக்கும் தெரியும், எழுதுகிறவருக்கும் தெரியும்.

இதில் பெரிய சதி ஒன்றும் கிடையாது, வேலை நடக்கும் விதம் அப்படி. தாலுகா நிருபர்களில் பலர் பகுதி நேரக்காரர்கள், கையில் வருவது சொற்பம். ஸ்டேஷனிலிருந்து ஒரு தகவல், கலெக்டர் அலுவலகத்து மக்கள் தொடர்பு அலுவலரான பி.ஆர்.ஓ.விடமிருந்து "செ.வெ.எண்" போட்ட செய்தி வெளியீடு, கட்சிக்காரர் அனுப்பிய போட்டோ எல்லாம் வாட்ஸ்ஆப் குழுவில் வந்து விழும். சாயங்காலத்துக்குள் அனுப்பியாக வேண்டும். ஸ்டேஷனைப் பகைத்துக்கொண்டால் நாளைக்குத் தகவல் வராது. போட்டிப் பேப்பரில் வந்து இவர் பேப்பரில் வரவில்லை என்றால் டெஸ்க்கிலிருந்து போன் வரும். இதைச் சோதிக்க எளிய வழி: போட்டிப் பேப்பர்கள் இரண்டை ஒரே நாளில் வாங்கி, ஒரே செய்தியை அருகருகே வையுங்கள். அடுத்தடுத்த மூன்று வாக்கியங்கள் சொல் மாறாமல் ஒத்துப்போனால் அங்கே நிருபர் எழுதவில்லை, செய்தி வெளியீடு எழுதியிருக்கிறது. அதிலுள்ள எண்ணும் பெயரும் சரியாக இருக்கலாம்; கேள்வி மட்டும் கேட்கப்பட்டிருக்காது.

கேள்வி கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2016 பிப்ரவரி நாட்றம்பள்ளிச் சம்பவம் ஒன்றே போதும். அப்போது அது வேலூர் மாவட்டம். தனியார் பொறியியல் கல்லூரி வளாகத்தில் ஏதோ வெடித்து, தரையில் பள்ளம் விழுந்து, கண்ணாடிகள் உடைந்து, பஸ் டிரைவர் ஒருவர் இறந்துபோனார். முதலில் வெடிபொருளாக இருக்கலாம் என்று பேச்சு. அடுத்த நாள் முதல்வர் ஜெயலலிதாவின் அறிக்கை விண்கல் என்றது, நிவாரணமும் அறிவிக்கப்பட்டது. அவ்வளவுதான், "விண்கல் விழுந்து டிரைவர் பலி" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் தலைப்புகள். விண்கல் தாக்கி மனிதன் இறந்த முதல் சம்பவம் என்று உலகம் சுற்றியது செய்தி. சில நாளில், வெளியான படங்களைப் பார்த்தால் தரையில் நடந்த வெடிப்பு போலத்தான் இருக்கிறது என்று நாசா தரப்பு சொன்னது. அந்த வரி முதல் செய்தி போன தூரத்தில் பாதிகூடப் போகவில்லை. பிழை எங்கே என்று பார்த்தால் "என்று முதல்வர் தெரிவித்தார்" என்ற மூன்று சொல் தலைப்பிலிருந்து கழன்றுபோனதில். மேலிடத்திலிருந்து வந்தது என்பதற்காக ஒரு கூற்று உண்மை ஆகிவிடாது. விழுந்தது விண்கல்லா என்று சொல்ல வேண்டியது ஆய்வுக்கூடம், சென்னைக் கோட்டை அல்ல.

அடுத்தது சொல். வேலூர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. 1806 ஜூலை 10 அன்று நம் கோட்டைக்குள் நடந்ததை வெள்ளைக்காரன் ஆவணம் கலகம் என்கிறது, நம் பாடப்புத்தகம் புரட்சி என்கிறது. சொல்லைத் தேர்ந்த கணத்திலேயே தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. இன்றைக்கும் அதே கதைதான்.

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில், சந்திரகிரிப் பக்கம், ஆந்திர போலீஸ் சுட்டதில் தமிழ்நாட்டுக்காரர்கள் 20 பேர் இறந்தார்கள். பாதிக்கு மேல் பழைய வட ஆற்காட்டின் திருவண்ணாமலைப் பக்கத்து ஆட்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் "செம்மரக் கடத்தல்காரர்கள்" என்று எழுதினார்கள். இந்தப் பக்கம் "அப்பாவித் தமிழர்கள்" என்று எழுதினார்கள். முதல் சொல், சுட்டது சரிதான் என்று சொல்லாமல் சொல்கிறது. இரண்டாவது சொல், இவர்களை முன்பணம் கொடுத்து ஏற்றிப்போகும் புரோக்கர்கள் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள் என்பதைக் கேட்கவிடாமல் செய்கிறது. கல்லும் கோடாலியும் கொண்டு தாக்கினார்கள் என்றது போலீஸ். பஸ்ஸிலிருந்து இறக்கிக் கூட்டிப் போனார்கள் என்றார்கள் சாட்சிகள். இரண்டையும் சொன்னவர் பெயரோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "மரம் வெட்டப் போனவர்கள்" என்று எழுதியிருந்தால் போதும். "என்கவுன்ட்டர்" என்பதுகூடப் போலீசின் சொல்தான். இரு பக்கமும் மோதல் நடந்தது என்பதை அது முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறது. மணல் செய்தியில் காணாமல் போன ஆள்தான் இங்கேயும் காணாமல் போகிறார்: கட்டையை வாங்குகிறவர்.

தமிழில் சாவுக்கு எத்தனை வினை என்று எண்ணிப் பாருங்கள்: காலமானார், இறந்தார், பலியானார், செத்தான், சுட்டுக் கொல்லப்பட்டார், வீரமரணம் அடைந்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு படிக்கட்டு உண்டு. யாரை எந்தப் படியில் உட்கார வைக்கிறார்கள் என்று குறியுங்கள். 2018 மே மாதம் தூத்துக்குடியில் போலீஸ் சுட்டு 13 பேர் இறந்தார்கள். அதையே "துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் பலி" என்றால் துப்பாக்கி தானாகச் சுட்டதுபோல் ஆகிவிடுகிறது. "வன்முறை வெடித்தது" என்பதும் அப்படித்தான். ஒரு தெருக்காரர்கள் இன்னொரு தெருவுக்குள் புகுந்து அடித்தாலும் "இரு தரப்பினர் மோதல்" என்று வரும். யார் எந்தத் தெருவுக்குப் போனார்கள் என்று ஐந்தாவது பத்தியில் தேடுங்கள், சில சமயம் கிடைக்கும். இன்னொன்று, ஆங்கிலப் பேப்பரில் பார்க்கவே முடியாதது: விகுதி. சங்கிலி பறித்த பையன் "கைது செய்யப்பட்டான்". கோடிக்கணக்கில் சீட்டுப் பணம் சுருட்டியவர் "கைது செய்யப்பட்டார்". இருவர் மீதும் குற்றம் நிரூபணமாகவில்லை. ஒரு வாரப் பேப்பரை எடுத்து -ஆன், -ஆர் இரண்டையும் வட்டமிட்டால் அந்த ஆசிரியர் குழுவின் மனசு அப்படியே தெரிந்துவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் எளிது. எதிர்க் கட்சிப் பேப்பரில், பக்கத்து மாநிலச் சேனலில் சாய்வைக் கண்டுபிடிக்க யாருக்கும் பயிற்சி தேவையில்லை. நமக்குப் பிடித்த செய்தியில்தான் கண் மறைக்கும். பாலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கர்நாடகத்தில் பிறந்து, ஆந்திரத்தில் ஏறக்குறைய 33 கிலோமீட்டர் ஓடி, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு. 2016இல் புல்லூர் அருகே தடுப்பணையை ஆந்திரா 5 அடியிலிருந்து 12 அடியாக உயர்த்தியபோது நம் பேப்பர்கள் பக்கம் பக்கமாக எழுதின. அன்றைய சென்னை மாகாணமும் மைசூரும் செய்துகொண்ட 1892 ஒப்பந்தம் மீறப்பட்டது என்ற வாதமும் வந்தது. எழுத வேண்டியதுதான், தவறில்லை. ஆனால் நம் 222 கிலோமீட்டரில் என்ன நடந்தது? வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைக் கழிவை வைத்துத்தான். ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தார்கள். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டி உடைந்து 10 தொழிலாளர்கள் சேற்றில் புதைந்து இறந்தார்கள். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் அதே தோல் கழிவுக்காக, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்லி மறுபடியும் உத்தரவிட்டது. இரண்டு தீர்ப்புக்கும் நடுவில் 28 ஆண்டுகள்.

மூன்று நாளும் பெரிய செய்திதான். அந்த நாட்களுக்கு நடுவே? செய்தி நிகழ்ச்சியைத் துரத்தும். கழிவு நிகழ்ச்சி இல்லாமல் தினமும் ஓடும். தடுப்பணைக்குக் குற்றவாளி எல்லைக்கு வெளியே இருக்கிறார், விளம்பரம் தருகிறவர் இல்லை, ஓட்டு போடுகிறவரும் இல்லை. தோல் கழிவையும் மணலையும் எழுதினால் குற்றவாளி உள்ளூரில் இருக்கிறார். இன்னொரு தந்திரமும் உண்டு, பக்கப் பிரிப்பு. வேலூர்ப் பதிப்பின் உள்பக்கத்தில் வந்த கழிவுச் செய்தி சென்னைப் பதிப்பில் இருக்காது. எழுதியாகிவிட்டது, ஆனால் முடிவெடுக்கிறவர் மேசைக்குப் போகவில்லை. அதனால் ஒரு செய்தி வந்ததா என்று மட்டும் பார்க்காதீர்கள். எந்தப் பதிப்பில், எத்தனையாவது பக்கத்தில், எத்தனை நாள் தொடர்ந்து வந்தது என்று பாருங்கள். பேப்பரின் இணையதளத்தில் சென்னைப் பதிப்பையும் வேலூர்ப் பதிப்பையும் மாற்றி மாற்றித் திறந்தால் இது ஐந்து நிமிட வேலை.

பணம், உடைமை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் தமிழ்நாட்டில் இது திறந்த ரகசியம். கலைஞர் டிவி எந்தக் கட்சி, ஜெயா டிவி எந்தக் கட்சி என்று டீக்கடையில் கேட்டாலே சொல்வார்கள். 2017இல் அ.தி.மு.க. பிளந்தபோது ஜெயா டிவி சசிகலா, தினகரன் பக்கம் போக, ஆளும் தரப்புக்கு 2018இல் நியூஸ் ஜே வந்தது. இந்த வெளிப்படையான கட்சிச் சேனல்கள் அத்தனை ஆபத்தில்லை. கொடியைப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். "நடுநிலை" என்று போட்டுக்கொள்பவற்றைத்தான் தோண்ட வேண்டும். நூலகத்தில் பழைய பேப்பர்க் கட்டில் மார்ச் மாதத் தொடக்க இதழ்களைப் புரட்டினால் "படிவம் 4" என்று பொடி எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். 1956ஆம் ஆண்டு விதிகளின்படி போட்டது. வெளியீட்டாளர், அச்சிடுபவர், ஆசிரியர், முதலீட்டில் 1 சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பவர்கள் பெயர் அத்தனையும் அதில் இருக்கும். அந்தப் பெயர்கள் எந்தக் கல்லூரி, எந்த மருத்துவமனை, எந்த நிறுவனத்தின் பலகையில் இருக்கின்றன என்று பாருங்கள். அந்த இடங்களைப் பற்றி அந்தப் பேப்பரில் என்ன வராது என்பது தானே விளங்கும்.

பயமும் ஒரு காரணம். 2011 முதல் 2016 வரை தமிழக அரசு 200க்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகள் போட்டது, அவற்றில் பத்திரிகைகள் மீதும் நிறைய. உச்ச நீதிமன்றமே கண்டித்தது. தண்டனை வருவது இருக்கட்டும், மாதம் ஒரு முறை வாய்தாவுக்கு ஆசிரியரை அலையவிட்டாலே போதும். "கூறப்படுகிறது", "வட்டாரங்கள் தெரிவித்தன" என்று பூசி மெழுகும் நடைக்கு இது ஒரு வேர். அரசு விளம்பரத்தை நிறுத்துவது இன்னொரு வேர்.

தேர்தல் சமயத்தில் சாய்வு காசாக மாறும். 2009 தேர்தல்களுக்குப் பிறகு, பத்திரிகைகள் மீதான புகாரை விசாரிக்கும் பிரஸ் கவுன்சிலின் துணைக்குழு தயாரித்த அறிக்கை, காசு வாங்கிப் போட்ட செய்தியைக் கண்டுபிடிக்கச் சில அடையாளங்களைக் காட்டியது. போட்டிப் பேப்பர்களில் ஒரே கட்டுரை, ஒரே படம், நிருபர் பெயர் மட்டும் வேறு. ஒரே பக்கத்தில் இரண்டு எதிர் வேட்பாளர்களைப் பற்றியும் "வெற்றி உறுதி". நானாக ஒன்று சேர்ப்பதென்றால், வேட்பாளருக்குக் கூடிய கூட்டத்தை மட்டும் சொல்லி, ஊர்க்காரர் கேட்ட ஒரு கேள்வியைக்கூடச் சொல்லாத செய்தி. இது வெறும் ஒழுக்கப் பிரச்சினை இல்லை. காசு கொடுத்த செய்திச் செலவைக் கணக்கில் காட்டவில்லை என்று உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ. உம்லேஷ் யாதவை 2011இல் தேர்தல் ஆணையம் 3 ஆண்டு தகுதி நீக்கம் செய்தது. தேர்தல் அறிவித்தபின் கலெக்டர் அலுவலகத்தில் எம்.சி.எம்.சி. என்ற ஊடகக் கண்காணிப்புக் குழு இயங்கும். அங்கே வெட்டிய தாளோடு மனு கொடுக்கலாம். தாமதிக்கக் கூடாது: செய்தி வந்த 96 மணி நேரத்துக்குள் வேட்பாளருக்கு நோட்டீஸ் போக வேண்டும். ஒரு வாரம் கழித்துப் போனால் மனு ஃபைலில் தூங்கும்.

எண்ணையும் கொஞ்சம் கவனியுங்கள். 2019 வேலூர் மக்களவைத் தேர்தலில் தி.மு.க.வின் கதிர் ஆனந்த் 4,85,340 ஓட்டு, அ.தி.மு.க. கூட்டணியின் ஏ.சி.சண்முகம் 4,77,199. வித்தியாசம் 8,141, பதிவான ஓட்டில் ஒரு சதவீதம்கூட இல்லை. "தி.மு.க. வேலூர்க் கோட்டையைப் பிடித்தது" என்றும் எழுதலாம், "மயிரிழையில் தப்பியது" என்றும் எழுதலாம், இரண்டும் பொய்யில்லை. இதையே டிவியில் பட்டை வரைந்து காட்டும்போது அடிக்கோட்டைப் பூஜ்யத்தில் வைக்காமல் 4,70,000இல் வைத்தால் ஒரு பட்டை மற்றதைப் போல் இரு மடங்கு உயரம் தெரியும். பட்டைப்படம் வந்தால் அடிக்கோட்டின் எண்ணை முதலில் படியுங்கள். எண்ணே இல்லை என்றால் அந்தப் படத்தை மறந்துவிடுங்கள்.

புகாருக்கு வருகிறேன். பேப்பர் என்றால் பிரஸ் கவுன்சில், 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது. முதலில் ஆசிரியருக்கு எழுத்தில் மறுப்பு அனுப்ப வேண்டும். பதில் திருப்தி இல்லை, அல்லது பதிலே இல்லை என்றால் கவுன்சிலுக்கு. நாளிதழ், வார இதழ் என்றால் செய்தி வந்த 2 மாதத்துக்குள், மற்ற இதழ்களுக்கு 4 மாதம். இணைக்க வேண்டியவை: செய்தித் தாள், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தின் நகல், இந்த விஷயம் கோர்ட்டில் நிலுவையில் இல்லை என்ற உறுதிமொழி. பெரும்பாலான புகார்கள் விழுவது ஆசிரியருக்கு முதலில் எழுதாததால், நாள் தாண்டியதால், அல்லது "இந்தப் பேப்பரே மோசம்" என்று பொதுவாக எழுதியதால். ஒரு செய்தி, ஒரு வாக்கியம், அதில் எது தவறு, எது ஆதாரம் என்று எழுதுங்கள். தலையங்கத்தின் கருத்து பிடிக்கவில்லை என்பது புகார் ஆகாது. ரொம்பவும் எதிர்பார்க்காதீர்கள்: கவுன்சில் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், அபராதம் போட முடியாது, டிவியைத் தொடவும் முடியாது.

டிவிக்கு, அந்தச் சேனல் செய்தி ஒளிபரப்பாளர் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால், ஒளிபரப்பான 7 நாளுக்குள் சேனலுக்கே எழுத வேண்டும். பதில் சரியில்லை என்றால் அடுத்த 14 நாளுக்குள் அந்தச் சங்கம் அமைத்த என்.பி.டி.எஸ்.ஏ. என்ற ஆணையத்துக்குப் போகலாம். உறுப்பினர் இல்லாத சேனல்களும் உண்டு, முதலில் அதைப் பாருங்கள். நிகழ்ச்சிப் பதிவைச் சேனல்கள் 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதை நம்பி உட்கார வேண்டாம். தேதி, நேரம், நிகழ்ச்சிப் பெயர், கீழே ஓடிய எழுத்து எல்லாம் தெரிய போனிலேயே பதிந்து வையுங்கள். பேப்பருக்கும் அப்படித்தான். வாட்ஸ்ஆப்பில் வந்த பக்கத்தை இணைத்து அனுப்பாதீர்கள், அது வெட்டி ஒட்டியதாக இருக்கலாம். கடையில் தாளை வாங்கி, பதிப்பின் பெயரும் தேதியும் உள்ள மேல்வரியோடு முழுப் பக்கமாக எடுத்து வையுங்கள்.